ஆள் இருக்கிற இடம்

1

போன சனிக்கிழமை எங்கள் ஏரிக்கரைத் திடலுக்கு ஒரு வயது முடிந்தது. அதற்கு முந்தைய நாள் அலுவலகத்தில் கேக் வெட்டினோம். ஒரு காலி மைதானத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடும் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், நானும் அதுவரை பார்த்ததில்லை. கேக்கைச் சுற்றிலும் நீல நிற அலைகள், நடுவில் வெறும் வெள்ளை. நடுவில் ஏதாவது பொம்மை வைக்கட்டுமா என்று கடைக்காரர் கேட்டாராம். "ஒன்றும் வைக்காதீர்கள், எங்கள் திட்டமே அதுதான்" என்று சொல்லிவிட்டு வந்தாராம் என் மேலதிகாரி மார்கரெட். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வெறும் வெள்ளைக்காக நான் எவ்வளவு மல்லுக்கட்டினேன் என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

நான் வெண்ணந்தூர்க்காரி. சேலத்தில் படித்து, சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, கல்யாணமாகி இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இங்கே என்றால் கனடாவில், கடல் மாதிரிக் கிடக்கிற ஓர் ஏரியின் கரையில் இருக்கும் துறைமுக நகரம். பெயரைச் சொல்ல மாட்டேன். நகராட்சிச் சம்பளத்தில் சாப்பிடுகிறவள், வாயை அளந்துதான் திறக்க வேண்டும்.

நகரத்தின் கரையோர மேம்பாட்டு முகமையில் எனக்கு வேலை. ஊருக்குப் போனால் என்ன உத்தியோகம் என்று கேட்பார்கள். "பிளான் போடறதுங்க" என்பேன். "ஊட்டுக்குப் பிளானா?" என்பார்கள். "இல்லீங்க, ஊருக்கே பிளான்" என்றால், இவள் கொஞ்சம் அதிகமாகத்தான் பேசுகிறாள் என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, எனக்குக் காபி ஊற்றப் போய்விடுவார்கள்.

2

ஒரு காலத்தில் கப்பல்கள் வரிசை கட்டி நின்ற கரை இது. கப்பல் வரத்து நின்றதும் குடோன்கள் பூட்டின. குடோன்கள் பூட்டியதும் பக்கத்துக் கடைவீதி படுத்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த வீதியில் பாதிக் கடைகளின் கண்ணாடியில் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. கரையையும் கடைவீதியையும் சேர்த்து எழுப்ப வேண்டும் என்பதற்காகத்தான் எங்கள் முகமையையே ஆரம்பித்தார்கள்.

கரைக்கும் கடைவீதிக்கும் நடுவில் தார் போட்ட ஒரு பெரிய வண்டி நிறுத்தம் இருந்தது. வாரநாளில் கார் நிற்கும். சனிக்கிழமை காலையில் மட்டும் கார்களை எடுத்துவிட்டு, உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த ஜனங்கள் அங்கே கடை போடுவார்கள். பாதிப் பேருக்கு அனுமதி உண்டு, மீதிப் பேரை யாரும் கண்டுகொள்வதில்லை. அவர்களில் ஒருவர் ரோசா, குவாத்தமாலாக்காரர். மக்காச்சோள மாவில் கோழிக்கறி வைத்து, வாழையிலையில் சுற்றி அவித்து விற்பார். நம் ஊர் இலைக் கொழுக்கட்டைக்கு ஏதோ ஒரு வகையில் ஒன்றுவிட்ட உறவு. அந்த வாசனைக்காகவே பல சனிக்கிழமைகள் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறேன்.

அந்த நிறுத்தத்தில்தான் கண்ணாடி மண்டபம் கட்டத் திட்டம் போட்டார்கள். கீழே நிரந்தரக் கடைகள், வருடக் குத்தகை, மேலே ஏரியைப் பார்த்தபடி உணவகம். படம் அழகாகத்தான் இருந்தது. இந்த மாதிரிப் படங்களில் வருகிறவர்கள் எல்லாருமே ஒல்லியாக இருப்பார்கள், எல்லார் கையிலும் ஒரு காபிக் கோப்பை இருக்கும், குழந்தை இருந்தால் அதன் கையில் பலூன் இருக்கும். வாழையிலைப் பாத்திரத்தோடு ஒரு ரோசாவை மட்டும் நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

"சனிக்கிழமைக்காரர்கள் எங்கே போவார்கள்?" என்று கூட்டத்தில் கேட்டேன். அவர்களும் கடைக்கு விண்ணப்பிக்கலாமே என்றார்கள். ரோசா வாரம் முழுக்க ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர். அவருக்கு இருப்பது ஒரு சனிக்கிழமைதான். ஏழு நாளும் திறக்க வேண்டிய கடையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

எனக்கு அன்று எங்கிருந்து அவ்வளவு பேச்சு வந்ததோ தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒரு கிழமை உண்டு, அந்தக் கிழமையில் அங்கே சந்தை கூடும் என்றேன். சேலத்தில் ஒரு பேட்டைக்குச் செவ்வாய்க்கிழமையின் பெயரே இருக்கிறது என்றேன். சந்தை நாளில் கால் வைக்க இடமிருக்காது, மறுநாள் அதே இடத்தில் பையன்கள் மட்டையோடு பந்து விளையாடுவார்கள் என்றேன். ஆகவே இங்கே மண்டபம் வேண்டாம். தண்ணீர்க் குழாய், வடிகால், மின்சாரத்துக்கு ஆங்காங்கே இணைப்பு, கழிப்பறை, ஓரமாக மரங்கள் போதும். சனிக்கு ஒரு சந்தை, ஞாயிறுக்குப் பழைய பொருட்கள், புதன் சாயங்காலம் புத்தகங்கள், குளிர்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு. நாம் கட்டடத்துக்குப் பதில் கிழமைகளுக்குத் திட்டம் போடுவோம் என்று முடித்தேன்.

பிறகு மார்கரெட், "காலி இடத்தைத் திட்டம் என்று எப்படிப் படம் வரைந்து காட்டுவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பேச்சின் நடுவே நான் நாலைந்து முறை 'சந்தை' என்றே சொல்லிவிட்டேன் போல. அன்றிலிருந்து அலுவலகத்தில் அந்தத் திட்டத்துக்குப் பெயர் 'சாண்டி' ஆகிவிட்டது. இன்றைக்கும் ஆண் பெயர் என்று நினைத்து, சாண்டி எப்போது விடுப்பிலிருந்து வருவார் என்று கேட்கிற ஒருவர் கணக்குப் பிரிவில் இருக்கிறார்.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒரு வைபவம் இங்கே உண்டு. யார் வேண்டுமானாலும் ஒலிவாங்கி முன் நின்று பேசலாம். ஒருவர், காலியாக விட்டால் புறாக்கள் வந்துவிடும் என்றார். இன்னொரு அம்மாள், பழைய படத்தில் இருந்த பலூன் இலவசமா என்று கேட்டார். கடைசியில் முகமையின் நிர்வாகக் குழு ஒரு முடிவு சொன்னது. ஒரு கோடைக்கு என் யோசனையைச் சோதனையாக நடத்திப் பார்க்கலாம். ஒழுங்காக நடந்தால் திடல் திடலாகவே இருக்கும். கலாட்டா, குழப்பம் என்று ஏதாவது வந்தால் கண்ணாடி மண்டபம்தான், பிறகு பேச்சில்லை.

சோதனைக்கு விதிகள் எழுதியது சட்டப் பிரிவு. இடங்களுக்கு எண் போட்டார்கள். காலையில் மணி அடிக்கும்போது ஒரு வியாபாரி தன் இடத்தில் இல்லையென்றால், காத்திருக்கும் அடுத்தவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒரு விதி. எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. எனக்கும் அப்படியே பட்டது. இங்கே வந்து இத்தனை வருடம் ஆனவளுக்கு வேறு எப்படிப் படும்?

3

அந்தக் கோடையில்தான் என் அக்கா வந்தாள். நாங்கள் புது வீடு வாங்கியிருந்தோம். பால் காய்ச்ச என் பக்கத்திலிருந்து ஒருவராவது வேண்டும் என்று நான் அடம் பிடித்து வரவழைத்தேன்.

சரசக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அப்பா வெண்ணந்தூர்த் தறிகளில் துண்டு, லுங்கி, போர்வை எடுத்து, சந்தை சந்தையாகப் போய் விற்றவர். அப்பாவுக்குப் பிறகு அந்தக் கடையை எடுத்து நடத்துகிறவள் அக்காதான். ராசிபுரம் பக்கம் ஒரு நாள், எருமப்பட்டியில் ஒரு நாள், ஆத்தூரைத் தாண்டிக் கெங்கவல்லிப் பக்கம்கூடப் போவாள். அங்கே போனால் தன் பேச்சைக் கேட்டதும் "மேக்கத்திக்காரங்களா?" என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள், அப்புறம் விலையைக் கறாராகச் சொல்ல முடிவதில்லை என்று குறைப்படுவாள். அத்தான் இறந்து வெகு காலமாகிறது, பிள்ளைகள் இல்லை. யாராவது அதற்காகப் பரிதாபப்பட்டால் அவர்களுக்கு ஒரு போர்வையை முழு விலைக்கு விற்றுவிட்டுத்தான் அனுப்புவாள்.

எங்கள் சந்தைகளில் இடத்துக்கு எண் கிடையாது, கோடு கிடையாது. ஆனால் எவருடைய இடம் எது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு வாரம் ஒருவர் வரவில்லை என்றால், பக்கத்துக் கடைக்காரர் அந்த இடத்தில் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிடுவார். புதிதாக வருகிறவர் அதைப் பார்த்ததும் பேசாமல் கடைசிக்குப் போய்விடுவார். யாராவது தெரியாமல் கேட்டால், "ஆளு இருக்கற எடமுங்க" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான், தகராறு வந்து நான் பார்த்ததில்லை.

அப்பா போன பிறகு கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தை ஞாபகமே இல்லை. ஒரு நாள் அக்கா மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். பக்கத்தில் அலுமினியப் பாத்திரக் கடை போடுகிற காதர் பாய், ஒன்றும் கேட்காமல் கல்லை எடுத்தார், சாக்கைச் சுருட்டினார், "குந்தும்மா" என்றார். அதுதான் அக்காவுக்கு நடந்த பட்டாபிஷேகம். அவள் இங்கே கிளம்பி வந்தபோதும் பாயிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

4

அக்கா வந்ததும் எங்கள் வீட்டில் சத்தம் வந்துவிட்டது. என் மகள் நிலாவுக்கு அப்போது பதினைந்து வயது. காதில் எப்போதும் ஒரு வெள்ளைக் குமிழ், கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில், அதுவும் ஆங்கிலத்தில். தமிழ் புரியும், பேசச் சொன்னால் தோளைக் குலுக்குவாள். வெண்ணந்தூருக்கு இரண்டே முறை அழைத்துப் போயிருக்கிறேன். இரண்டு முறையும் கொசுக்கடி என்று அழுதாள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் இந்தத் துறைமுக நகரத்தின் பெயரைச் சொல்வாள். "இல்லை, உங்கள் சொந்த ஊர்?" என்று விடாமல் கேட்டால் அதே பெயரை இன்னும் சத்தமாகச் சொல்வாள். அதில் தப்பொன்றும் இல்லை, அவள் பிறந்தது இங்கேதான். ஆனாலும் கேட்கும்போதெல்லாம் எனக்குள் சுருக்கென்று ஒன்று தைக்கும்.

அக்காவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. "ஏஞ்சாமி, காதுல என்ன அடைச்சு வெச்சிருக்கறே, எடுத்துட்டு வா, கடைவீதிக்குப் போலாம்" என்பாள். நிலா குமிழைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போவாள். நான் சொல்லி ஒரு நாளும் கழற்றாதவள். பெரியம்மாவை 'நீ' என்றுதான் கூப்பிட்டாள், மரியாதைச் சொல் நாக்கில் ஏறவில்லை. நான் திருத்தப் போனால், "உடு, மனசுல இருக்குதல்ல" என்று அக்கா என்னைத்தான் அடக்குவாள்.

சனிக்கிழமை ஆனால் இருவரும் திடலுக்கு வந்துவிடுவார்கள். அக்கா முதல் வாரத்திலேயே ரோசாவைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கொங்குத் தமிழில் பேசுவாள், ரோசா ஸ்பானிய மொழியில் பதில் சொல்வார். நிலா நடுவில் நின்று இரண்டையும் ஆங்கிலத்தில் கொண்டுவர முயன்று பார்த்துவிட்டு, தேவையில்லை என்று விட்டுவிட்டாள். வாழையிலை எங்கே கிடைக்கிறது, அடுப்பு என்ன செலவு, முட்டிவலிக்கு என்ன தைலம் என்று அவர்கள் பேச்சு அதுபாட்டுக்கு நடந்தது. ரோசாவின் முட்டிவலி அலுவலகத்தில் எனக்கே தெரியாது. அக்கா சொல்லித்தான் தெரியும்.

5

நிர்வாகக் குழு நேரில் பார்வையிட வருவதாகச் சொன்ன சனிக்கிழமை அது. அன்று அவர்கள் பார்ப்பதை வைத்துத்தான் முடிவு என்று மார்கரெட் முன்பே சொல்லியிருந்தார். நான் நுழைவாயிலில் நின்று, வரவேற்புப் பேச்சை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். மணி அடித்துச் சற்று நேரத்தில் காவலர் வாக்கிடாக்கியில் கூப்பிட்டார். அனுமதி இல்லாத ஒரு பெண்மணி ஓர் இடத்தைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார், எழ மறுக்கிறார், கூடவே ஒரு சிறுமியும் உட்கார்ந்திருக்கிறாள் என்றார்.

எனக்கு யாரென்று கேட்கத் தோன்றவில்லை. ஓடினேன்.

ரோசாவின் இடத்தில் ரோசா இல்லை. ஊதாக் கரை போட்ட வெண்ணந்தூர்த் துண்டை விரித்து, நடுவில் சம்மணம் போட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். துண்டின் ஓரத்தில் நிலா. எதிரில், காத்திருப்பு வரிசைப்படி அந்த இடத்தைப் பெற்ற மெழுகுவத்தி வியாபாரி, இளைஞன், தள்ளுவண்டியோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"அக்கா, என்னக்கா பண்றே? எந்திரி."

"எதுக்கு எந்திரிக்கோணும்? இது ரோசா குந்தற எடம். முட்டி வலிக்குதுன்னு போன வாரமே சொன்னா. ஆசுபத்திரிக்குப் போயிருப்பா. ஆளு இருக்கற எடத்துல வேற ஆளை உட்டுட்டா, அவ வந்து எங்க குந்துவா?"

"இங்க சட்டம் அப்பிடியில்லக்கா. மணி அடிச்சு ஆள் வரலீன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க."

"சட்டத்தை நீயே வெச்சுக்க, சாமி. பக்கத்துக் கடைக்காரி பார்த்துட்டு இருக்கறப்பவே எடத்தை உட்டுக் குடுத்தா, நாளைக்கு அவ மூஞ்சில எப்பிடி முழிக்கறது?"

"நீ பக்கத்துக் கடைக்காரியே இல்லியே!"

"இன்னிக்கு நாந்தான்" என்றாள் அக்கா. பிறகு காவலரைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க தம்பி, நீங்க பாட்டுக்கு உங்க சோலியப் பாருங்க" என்றாள். காவலருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. குரலில் இருந்த மரியாதை புரிந்திருக்க வேண்டும், தொப்பியைத் தொட்டுத் தலையசைத்தார்.

நிலாவைப் பார்த்தேன். "நீயாவது எழுந்திரேன்" என்றேன். "நான் மொழிபெயர்க்கத்தான் வந்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்து, துண்டின் மேலேயே நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்து நிர்வாகக் குழு வந்து சேர்ந்தது. குழுத் தலைவர் நெட்டையான மனிதர், எதையும் அவசரப்படாமல் கேட்பவர். எண் போட்ட ஓர் இடம், அதில் கடையில்லை, சேலை கட்டிய ஒரு பெண், பக்கத்தில் ஒரு சிறுமி, எதிரில் இடம் கிடைக்காமல் நிற்கும் வியாபாரி. கலாட்டா, குழப்பம் என்று அவர்கள் எழுதி வைத்திருந்தது என் கண் முன்னால் வந்தது. போச்சு என்று நினைத்தேன். என் திட்டத்தை என் அக்காவே குழி தோண்டிப் புதைத்துவிட்டாள் என்று பல்லைக் கடித்தேன். உண்மையைச் சொன்னால் அந்த நிமிடம் அவளை வெறுத்தேன்.

"இங்கே என்ன நடக்கிறது?" என்று தலைவர் கேட்டார்.

நிலா எழுந்தாள். காதிலிருந்த குமிழைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இந்த இடத்துக்காரருக்கு இன்றைக்கு உடம்பு சரியில்லை" என்றாள். "அவர் திரும்பி வரும்வரை பக்கத்தில் இருப்பவர்கள் இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு யாரும் அதில் கடை போடக் கூடாது. எங்கள் ஊரில் அப்படித்தான்."

எங்கள் ஊரில் என்றாள். கொசுக்கடிக்கு அழுதவள். எனக்கு நிஜமாகவே காது அடைத்துக்கொண்டது. அதற்குப் பின் தலைவர் கேட்டதும் அவள் சொன்னதும் பாதிதான் கேட்டது. சாக்கைப் பற்றியும் கல்லைப் பற்றியும் சொன்னாள். யார் வைப்பார்கள், யார் எடுப்பார்கள் என்று சொன்னாள். இத்தனையும் அவளுக்கு எப்போது அக்கா சொன்னாள், எந்த நடையில், எந்தக் கடைவீதியில் என்று எனக்குத் தெரியாது.

பக்கத்தில் புதினாவும் கொத்தமல்லியும் விற்கும் வியட்நாம்காரர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். அதிகம் பேசாதவர். தன் காலிக் கூடை ஒன்றை எடுத்து வந்து, ரோசாவின் இடத்தின் மறு ஓரத்தில் கவிழ்த்து வைத்தார். "எங்கள் ஊரில் கூடை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்க் கட்டுக் கட்ட ஆரம்பித்தார்.

தலைவர் மெழுகுவத்திக்காரனைப் பார்த்து, "உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்றார். அவன் யோசித்தான். "நான் வராத வாரம் என் இடமும் இப்படி இருக்குமா?" என்று கேட்டான். நிலா அதை அக்காவிடம் தமிழில் கேட்டாள், முழு வாக்கியமாக. அக்கா, "பின்ன? நீங்க என்ன ஆகாதவரா?" என்றாள். நிலா அதை எப்படி ஆங்கிலத்தில் சொன்னாளோ, அவன் சிரித்துக்கொண்டே வண்டியைக் கடைசிக்குத் தள்ளிப் போனான்.

"இது விதியில் இருக்கிறதா?" என்று தலைவர் மார்கரெட்டிடம் கேட்டார். மார்கரெட் என்னைப் பார்த்தார். எத்தனையோ கூட்டங்களில் என் பேச்சை நடுவில் நிறுத்தியவர் அவர்.

"இன்னும் இல்லை" என்றார்.

6

குழு வாக்களித்தது. திடல் திடலாகவே இருக்கும் என்று முடிவானது. அன்று அந்தத் துண்டைப் பார்த்த பிறகுதான் தனக்கு இந்தத் திட்டம் புரிந்தது என்று தலைவர் கூட்டத்தில் சொன்னாராம்.

சாக்கையும் கூடையையும் சட்ட ஆங்கிலத்துக்குக் கொண்டுவரச் சட்டப் பிரிவு பட்ட பாடு தனிக் கதை. 'துணி, கூடை அல்லது அதையொத்த, காற்றில் பறக்காத பொருள்' என்று கடைசியில் எழுதினார்கள். எத்தனை வாரம் இடத்தை வைத்திருக்கலாம் என்பதில் மறுபடி சிக்கல். அக்காவைக் கேட்டேன். "இதையெல்லாமா எழுதி வெப்பாங்க? பக்கத்துல இருக்கறவனுக்குத் தெரியாதா, ஆளு வருமா வராதான்னு?" என்றாள். கடைசியில் அதையே எழுதினோம். பக்கத்து வியாபாரிகள் வருவார் என்று சொல்லும்வரை இடம் அவருடையது.

ரோசா குணமாகித் திரும்பி வந்தபோது நடந்ததைக் கேட்டு அழுதுவிட்டார். அக்காவுக்கு என்று ஒரு பாத்திரம் நிறைய இலைப் பொட்டலம் கொண்டுவந்தார். அக்கா சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டாள். "நாளைக்குச் சாப்பிடறேனுங்க" என்று சொல்லி வாங்கி வைத்து, மறுநாள் காலையில் என் வீட்டுக்காரருக்குக்கூட மிச்சம் வைக்காமல் தின்று தீர்த்தாள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் என் மேசையில் இருந்த திட்டப்படத்தை வெகு நேரம் பார்த்தாள். "இதுக்கா சாமி இத்தனை படிப்பு? காலி எடத்தைக் காலியா உடறதுக்கு?" என்று கேட்டாள். ஆமாங்க்கா என்றேன், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் விமான நிலையத்தில் மார்கரெட்டைப் பற்றியும் தலைவரைப் பற்றியும் ஊரில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று நிலாவிடம் பெயர்களைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அங்கே போய் முதல் சந்தையில் பாதிப் பேருக்கு அந்தக் கதை தெரிந்துவிட்டதாம். அவள் இடம் அப்படியே இருந்ததாம். "சாக்கை மாத்தியிருக்கறாரு பாயி. பழசு மழைல ஊறிப் போச்சாம்" என்றாள்.

நம் பக்கத்திலும் இப்போது சந்தைத் திடல்களில் வணிக வளாகம் என்று பேச்சு அடிபடுவதாகக் கேள்விப்படுகிறேன். வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? படத்தைக் கொண்டுவந்து காட்டினால், ஒல்லியான மனிதர்களையும் பலூனையும் விட்டுவிட்டு, இதில் காதர் பாய் எங்கே என்று மட்டும் கேளுங்கள். நான் இங்கே கேட்டு வாங்கியது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி, பெருமைதான்.

7

திடலின் முதல் ஆண்டு விழாவுக்கு அக்காவை வரவழைக்க ஆசைப்பட்டோம். முகமையே அழைப்புக் கடிதம் கொடுத்தது. விசா மறுத்துவிட்டார்கள். பயணம் முடிந்து அவர் நாடு திரும்புவார் என்ற நம்பிக்கை தங்களுக்கு ஏற்படவில்லை என்று காரணம் சொல்லியிருந்தார்கள். சொந்த நாட்டில் போதிய பிணைப்பு இல்லையாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, பெரிய சொத்து இல்லை, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஒரு சாக்கு அகலத்துக்கு ஓர் இடம் அவளுக்காகக் காத்திருக்கிறது என்று எந்தத் தாசில்தாரிடம் போய்ச் சான்றிதழ் வாங்குவது? மறுபடி விண்ணப்பித்திருக்கிறோம். அக்கா, "அவங்களுக்கு என்னையத் தெரியாதல்ல, பாவம்" என்றாள்.

போன சனிக்கிழமை விழா. மேயர் வந்தார், குழுத் தலைவர் வந்தார், மெழுகுவத்திக்காரன் திடலைப் போலவே சதுரமாக ஒரு பெரிய மெழுகுவத்தி செய்து கொண்டுவந்தான். கடைவீதியில் இப்போது செய்தித்தாள் ஒட்டிய கண்ணாடிகள் ஒன்றிரண்டுதான் மிச்சம். நான் சுற்றி வரும்போது ரோசாவின் கடைக்கு அடுத்த இடம் காலியாக இருந்தது. அதில் ஊதாக் கரைத் துண்டு விரித்திருந்தது. மேலே ஏரிக்கரையில் பொறுக்கிய ஒரு வழவழப்பான கல்.

புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஒருவர், இந்த இடத்தை யாருக்காவது ஒதுக்கலாமா என்று நிலாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நிலாவுக்கு இப்போது பதினாறு வயது, சனிக்கிழமைகளில் திடலில் தொண்டு செய்கிறாள். "முடியாது, ஆள் வருவார்" என்றாள். பக்கத்து வியாபாரி சொல்ல வேண்டுமே என்றார் அவர், விதியை ஒழுங்காகப் படித்தவர். ரோசா பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்கி, "வருவார்" என்றார்.

நான் வீடியோவில் அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே சந்தை கலைகிற நேரம். ஒற்றை விளக்கு வெளிச்சத்தில் போர்வைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். போனைத் திருப்பித் துண்டைக் காட்டினேன், கல்லைக் காட்டினேன், உனக்காக நிலா வைத்திருக்கிறாள் என்றேன். அக்கா கையிலிருந்த போர்வையைக் கீழே வைத்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அட கெரகமே, வெயில்லயா விரிச்சிருக்கறா? சாயம் போயிருமே" என்றாள். "துண்டை மடிச்சு உள்ள வெக்கச் சொல்லு சாமி. கல்லு மட்டும் இருக்கட்டும், போதும்."

"வெறும் கல்லைப் பார்த்தா ஆராச்சும் நகுத்தி வெச்சுட்டுக் கடை போட்டுருவாங்கக்கா" என்றேன்.

"அதெப்பிடிப் போடுவாங்க? பக்கத்துல ரோசா இருக்கறாளே."

நிலா துண்டை எடுத்து உதறி, அக்கா மடிக்கிற மாதிரியே நான்காக மடித்தாள். கல் ஓரமாக உருண்டிருந்தது. ரோசா குனிந்து அதை எடுத்து, இடத்தின் நடுவில் வைத்தார்.